வயது போனவர்களின் வயிற்றோட்டம்: சிறுகுடலின் காவலர்கள் களைக்கும்போது

சென்ற மாரிகாலத்தில் எமது சிகிச்சை நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவன் 12 வயதுச் சிறுவன். அம்மம்மாவுக்கு வயிறு சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். வயிற்றோட்டம் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். அம்மம்மாவுக்கோ பேரனிடம் அதை விளக்க இன்னும் வெட்கம். வரவேற்பாளர் "வயிற்றுவலி" என்று பதிந்து அடுத்த வாரத்துக்கு நேரம் கொடுத்தார். அன்று பின்னேரம் அந்தக் குறிப்பை நாமும் பார்த்தோம். 78 வயது, நீரிழிவு, பிறஷர் என்று திரையில் இருந்தது. ஒருமுறை திருப்பி அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் குளியலறை வாசலில் அந்த அம்மா இருந்து கிடந்தார். மகளின் பெயரை மாற்றிச் சொன்னார். அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில் பார்த்தபோது சிறுநீரகங்கள் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்திருந்தன. நான்கு நாட்களாக ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை போயிருக்கிறது. "பிள்ளைகள் வேலைக்குப் போறவை, ஏன் கரைச்சல் குடுப்பான்" என்று வெறுந் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும் சாப்பிட்டபடி, நீர்க்குளிசையையும் பிறஷர்க் குளிசையையும் நீரிழிவுக் குளிசையையும் ஒரு நேரமும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். இரண்டு கிழமை வைத்தியசாலையில் இருந்தார். தப்பிவிட்டார். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். அவர் இதை எழுதச் சம்மதித்தார்.)

மலப் பரிசோதனையில் கம்பைலோபக்ரர் என்ற பக்ரீரியா இருந்தது. இங்கிலாந்தில் உணவு நஞ்சாவதற்கு மிகப் பொதுவான பக்ரீரியா இதுதான். பெரும்பாலும் கோழியிறைச்சி மூலம் வரும். சில நாட்களுக்கு முன் ஒரு பிறந்தநாள் விழாவில் குடும்பத்தில் எல்லோரும் ஒரே கோழியைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். மகள் எம்மிடம் கேட்டார்: "டொக்டர், பெடியனுக்கு ஒருநாள் வயிறு கடுத்தது, எங்களுக்கு ஒண்டுமில்லை. அம்மாவுக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

"வயசு போட்டுது" என்று அன்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அது ஒரு பதிலே அல்ல. வயது போனால் சரியாக எது பழுதாகிறது? அந்தக் கேள்விக்கு இப்போது ஆறுதலாகப் பதில் சொல்லிப் பார்க்கிறோம்.

குழிக்குள் இருக்கும் காவலர்கள்

எமது சிறுகுடல் சுமார் 6 மீற்றர் நீளமான குழாய். அதன் உட்சுவரில் விரல்கள் போலச் சடைமுளைகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றை எல்லாம் விரித்தால் ஒரு ரெனிஸ் மைதானம் அளவு வரும் என்று மருத்துவபீடத்தில் எமக்குப் படிப்பித்தார்கள். 2014 இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் திருப்பி அளந்து பார்த்து, அவ்வளவு இல்லை, சுமார் 30 சதுர மீற்றர்தான் என்றார்கள். அதாவது ஒரு பெரிய வரவேற்பறை. அதுவும் சிறிதல்ல. நாம் உண்ணும் சோறும் கறியும் அதனுடன் வரும் அழுக்கும் இந்தப் பரப்பைத் தொட்டபடிதான் போகின்றன. அழுக்குக்கும் இரத்தத்துக்கும் இடையில் இருப்பதோ ஒரேயொரு வரிசைக் கலங்கள்.

இவ்வளவு மெல்லிய சுவர் எப்படித் தாக்குப் பிடிக்கிறது? பெருங்குடலில் ஒரு மில்லிலீற்றருக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் பக்ரீரியாக்கள் இருக்கின்றன. சிறுகுடலின் மேற்பகுதியில் சில ஆயிரம் அளவில்தான். இரைப்பையின் அமிலம், பித்தம், குடலின் அசைவு எல்லாம் அதற்குக் காரணம். இன்னொரு காரணம் சடைமுளைகளின் அடியில் உள்ள சிறு குழிகளுக்குள் இருக்கிறது. லீபர்கூன் என்ற ஜேர்மன் வைத்தியர் 1745 இல் விபரித்த குழிகள் அவை. ஒவ்வொரு குழியின் அடியிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு விசேட கலங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பனெத் கலங்கள் என்று பெயர். 1872 இல் இன்னொருவர் கண்டிருந்தாலும், 1888 அளவில் விரிவாக விபரித்தவர் வியன்னாவைச் சேர்ந்த ஜோசப் பனெத். பாவம், அவர் 1890 இல் காசநோயால் 32 வயதில் இறந்துவிட்டார்.

பனெத் கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உள்ளே நாவற்பழம் அடுக்கியதுபோல் மணிகள் தெரியும். பக்ரீரியாக்களின் வாடை வந்ததும் கலம் இந்த மணிகளைக் குழிக்குள் கொட்டும். அவற்றில் ஒன்று லைசோசைம். எமது கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் இருப்பதும் இதுவே. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்கு ஆறு வருடம் முந்தி 1922 இல் கண்டுபிடித்தது. அது பக்ரீரியாவின் சுவரை அரிக்கும். இன்னொன்று டிபென்சின் என்ற சிறு புரதம். அது பக்ரீரியாவின் மென்சவ்வில் ஓட்டை போடும். இதில் ஒரு புதினம் உண்டு. மனிதரில் முக்கியமான டிபென்சின் ஒன்று கலத்துக்குள் இருக்கும்போது வேலை செய்யாது. வெளியே வந்து, திரிப்சின் என்ற சமிபாட்டு நொதியம் அதன் ஒரு துண்டை வெட்டிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். சொந்த வீட்டைச் சுடாத துவக்கு. வேறொரு டிபென்சின் கொல்வதே இல்லை. வலையாகப் பின்னிக் கிருமிகளைப் பிடித்து வைக்கிறது. இது 2012 இல்தான் தெரியவந்தது.

பனெத் கலத்துக்கு இரண்டாவது வேலையும் உண்டு, அதுதான் வயதானவர்களின் கதைக்கு முக்கியம். குடற்சுவரின் சாதாரண கலங்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்துவிடும். புதிய கலங்களைப் பெற்றுத் தருபவை அதே குழியின் அடியில் இருக்கும் மூலக்கலங்கள். பனெத் கலங்கள் அவற்றின் இருபுறமும் ஒட்டியிருந்து, பிரிந்து பெருகச் சொல்லும் சமிக்ஞைகளைக் கொடுக்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை 2011 இல் காட்டினார்கள். ஆகவே பனெத் கலம் வாசற் காவலாளி மட்டுமல்ல, மருத்துவிச்சியும்தான்.

வயது என்ன செய்கிறது?

வயதுபோக இக்கலங்கள் செத்துக் குறைந்துவிடுகின்றன என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படியல்ல. எலிகளில் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை, நடத்தை மாறுகிறது. 2019 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருந்து வந்த ஆய்வு இதில் முக்கியமானது. முதிய எலிகளின் பனெத் கலங்கள் நோட்டம் என்ற ஒரு புரதத்தைச் சுரக்கத் தொடங்குகின்றன (எமது தமிழ் நோட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இது மூலக்கலங்களுக்குப் போகும் பெருகச் சொல்லும் சமிக்ஞையை அணைத்துவிடுகிறது. விளைவாக, காயப்பட்ட குடற்சுவர் திருப்பி வளர நாட்கள் எடுக்கிறது. நோட்டத்தைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தபோது முதிய எலிகளின் குடல் விரைவாக ஆறியது. மனிதக் குடல் மாதிரிகளிலும் வயதுடன் திருப்பி வளரும் திறன் குறைவதை அவர்கள் கண்டார்கள்.

மருந்து மனிதருக்கு இன்னும் வரவில்லை. ஆகவே "குடலை இளமையாக்கும்" என்று யாராவது போத்தலில் எதையாவது விற்றால், அவர் விஞ்ஞானத்துக்கு முன்னால் ஓடுகிறார் என்று அர்த்தம்.

காவல் வேலையும் குறைகிறதா? வட ஜப்பானின் ஹொக்கைடோவில் ஊர் மக்களின் மலத்தில் டிபென்சினை அளந்து 2022 இல் வெளியிட்டார்கள். நோயாளிகள் அல்ல, வீட்டில் சாதாரணமாக வாழ்பவர்கள். 70 வயதைத் தாண்டியவர்களில் அந்த அளவு நடுவயதினரைவிடக் குறைவாக இருந்தது. அத்துடன் குடலில் வாழும் பக்ரீரியாக்களின் கலவையும் வேறுபட்டிருந்தது.

சிறுகுடலில் வேறு காவலர்களும் இருக்கிறார்கள். கிருமிகளை மாதிரி எடுத்து நோயெதிர்ப்புக் கலங்களிடம் காட்டிக்கொடுக்கும் "எம்" கலங்கள் அவற்றில் ஒரு வகை. முதிய எலிகளில் இவை குறைகின்றன. எடின்பரோ ஆய்வாளர்கள் முதிய எலிகளை இளம் எலிகள் கிடந்த அழுக்குப் படுக்கையில் விட்டபோது எம் கலங்கள் மீண்டும் கூடியதை 2020 இல் எழுதினார்கள். பேரப்பிள்ளைகளுடன் இருந்தால் உடம்புக்கு நல்லது என்று எமது அம்மாமார் சொல்வது ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டோம். அதற்காகப் பிள்ளையின் நப்பியை மாற்றிவிட்டுக் கை கழுவாமல் இருக்கவேண்டாம்.

இனி அந்த மகளின் கேள்விக்கு வருவோம். அதே கோழி, அதே பக்ரீரியா. பேரனின் குடலில் காவலர்கள் விழிப்பாக இருந்தார்கள். உடைந்த சுவரும் இரண்டொரு நாளில் திருப்பிக் கட்டப்பட்டது. அம்மம்மாவின் குடலில் காவல் தளர்ந்திருக்கும், சுவர் கட்டுவதும் மெதுவாகியிருக்கும். இதுவே முழுக் காரணம் என்று சொல்லமாட்டோம். வயதானவருக்குத் தாகம் குறைவாகத் தெரியும். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறனும் குறைவு. அதற்கு மேலே அவர் விழுங்கிய குளிசைகள். அவற்றில் ஒன்று ஒமிப்பிரசோல். ஆறு வருடமாக எடுத்திருக்கிறார்.

பட்டினி கிடந்தால் நல்லதா?

விரதம் இருந்தால் குடல் புதுப்பிக்கப்படும் என்று கைத்தொலைபேசியில் சுற்றும் செய்தியை எம்மிடம் காட்டாத மாதம் இல்லை. அதன் வேர் 2012 இல் அமெரிக்காவில் எலிகளில் நடந்த ஒரு நல்ல ஆய்வு. உணவைக் குறைத்தபோது பனெத் கலங்கள் மூலக்கலங்களை நன்றாக ஊக்குவித்தன. உண்மைதான். ஆனால் அவை ஆய்வுகூடத்தில் அளந்து போசணை கொடுக்கப்பட்ட எலிகள். காலையில் ஒரு துண்டு பாண், இரவில் கொஞ்சக் கஞ்சி என்று ஏற்கனவே மெலிந்து வரும் 80 வயது அம்மாவை அந்த எலியுடன் ஒப்பிடக்கூடாது. எமது முதியோரில் நாம் காண்பது அளவுமீறிய சாப்பாட்டைவிட, புரதம் போதாமையே. முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர் இவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு நேரமும் தட்டில் இருக்கட்டும். கீரையும் மரக்கறியும் குடலின் நல்ல பக்ரீரியாக்களுக்குத் தீனி.

பனெத் கலத்தின் மணிகளில் நாகம் என்ற தாதுப்பொருள் நிறைய உண்டு. அதைக் கேட்டுவிட்டு நாகக் குளிசை வாங்க ஓடவேண்டாம். நாட்கணக்கில் அதிகமாக எடுத்தால் உடம்பில் செம்பு குறைந்து வேறு வருத்தம் வரும். நண்டு, மீன், முட்டை, பயறு, கச்சான் போதும்.

எமது குசினியில்

இதைச் சொன்னால் எம்முடன் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். பச்சைக் கோழியைக் கழுவவேண்டாம். மஞ்சளும் தேசிக்காயும் போட்டு மூன்று தண்ணீரில் அலசினால்தான் எமக்கு மனம் ஆறும். ஊரில் அப்போதே உரித்த கோழிக்கு அது தேவைப்பட்டது. இங்கே கடையில் பொதிசெய்து வரும் கோழியைக் குழாய்த் தண்ணீரின் கீழ் பிடித்தால், கம்பைலோபக்ரர் தெறித்துப் பக்கத்தில் வெட்டி வைத்த சலாட்டிலும் கோப்பையிலும் போய் இருக்கும். கறி நன்றாக வெந்தால் கோழியில் உள்ளது செத்துவிடும், சலாட்டில் உள்ளது சாகாது. கழுவாமல் முடியவே முடியாது என்பவர்கள் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்தி எடுங்கள். பிறகு சிங்கையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவாமல் விடுவதுதான் நல்லது என்பதே எமது அபிப்பிராயம்.

சோறும் அப்படியே. சமைக்கும் சூட்டில் சாகாத ஒரு பக்ரீரியாவின் வித்துகள் அரிசியில் உண்டு. குக்கரில் மணிக்கணக்காக இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அதில் ஒரு வகை நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. மிஞ்சிய சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து பிறிட்ஜில் வையுங்கள். 24 மணித்தியாலத்துக்குள், ஒருமுறை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். பிறிட்ஜ் 5 பாகை அல்லது அதற்குக் கீழ் இருக்கவேண்டும்.

அடுத்தது ஒமிப்பிரசோல், லன்சொப்பிரசோல் போன்ற அமிலக் குளிசைகள். இரைப்பை அமிலம்தான் முதல் வாசல். அதைக் குறைத்தால் உயிருடன் உள்ளே போகும் கிருமி கூடும். எப்போதோ நெஞ்செரிவுக்கு இரண்டு மாதம் எழுதிக்கொடுத்தது பத்து வருடமாகத் தொடர்வதை வாரம் தவறாமல் காண்கிறோம். எழுதியவர்களாகிய எம்மிலும் பிழை உண்டு. தானாக நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னையைவிடக் கூடிச் சுரக்கும். அஸ்பிரின் எடுப்பவர்களுக்கும் இரைப்பைப் புண் வந்தவர்களுக்கும் அது கட்டாயம் தேவைப்படலாம். "எனக்கு இது இன்னும் வேண்டுமா?" என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

கொழும்பில் இருந்து வந்தவர் கொண்டுவந்த அன்ரிபயோட்டிக் லாச்சியில் கிடந்தால், அதை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். அது நல்ல பக்ரீரியாக்களையும் கொல்லும். முதியோரில் அதற்குப் பிறகு வரும் ஒருவகைக் கடும் வயிற்றோட்டம் உயிரையே எடுக்கவல்லது.

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "நாங்கள் குடிச்சு வளர்ந்த கிணத்துத் தண்ணிதானே" என்கிறீர்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குடல் முப்பது வருடத்துக்கு முந்தியது. கொதித்தாறிய நீர் குடியுங்கள். பயணத்துக்கு ஆறு எட்டுக் கிழமைக்கு முந்தியே ஜீ.பி. யிடம் போய்த் தைபோயிட் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். இங்கே அது பொதுவாக இலவசம்.

வயிற்றோட்டம் தொடங்கிவிட்டால்

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நாம் மருத்துவ மாணவர்கள். பாடசாலைகளிலும் மரங்களின் கீழும் இருந்த சனத்துக்கு வயிற்றோட்டம் வந்தபோது எம் கையில் இருந்தது ஜீவனிப் பக்கற்றுகள்தான். பக்கற் இல்லாத இடத்தில் உப்பும் சீனியும். புத்தகத்தில் படித்ததை அங்கேதான் கண்ணால் கண்டோம். குடற்சுவர் எவ்வளவு காயப்பட்டாலும், குளுக்கோசும் உப்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். வெறுந் தண்ணீருக்கும் வெறுந் தேத்தண்ணிக்கும் அந்த வாசல் அப்படித் திறக்காது. கொத்தமல்லித் தண்ணி குடிப்பதில் பிழையில்லை, ஆனால் அது ஜீவனி ஆகாது.

இங்கே எந்த மருந்தகத்திலும் அதுபோன்ற பக்கற் கிடைக்கும். முதியவர் உள்ள வீட்டில் அரை டசின் எப்போதும் இருக்கட்டும். இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டவேண்டாம். இதய பலவீனமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுவிட்டுக் குடிக்கவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் குடிக்கலாம், சீனி அளவை அடிக்கடி பாருங்கள்.

குளிசை விடயத்தில்தான் அந்த அம்மா மாட்டுப்பட்டார். நீர்க்குளிசை, சில பிறஷர்க் குளிசைகள், மெற்போர்மின் மற்றும் சில புதிய நீரிழிவுக் குளிசைகள், இபுபுரோபென் போன்ற வலிக்குளிசைகள் ஆகியவற்றை, சத்தியும் வயிற்றோட்டமும் கடுமையாக உள்ள நாட்களில் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வரலாம். எதை, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே அன்றைக்கே வைத்தியரையோ மருந்தாளரையோ கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிசை போடவேண்டாம்.

காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல்படவும் முடியாது, முதியோருக்குக் கடுங் கிருமித்தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். எழும்பும்போது தலைசுற்று, பேச்சில் தடுமாற்றம், எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, மலத்தில் இரத்தம், குடிப்பது எல்லாம் சத்தியாகப் போதல் இவற்றில் ஒன்றிருந்தாலும் காத்திருக்கவேண்டாம். சிகிச்சை நிலையம் பூட்டியிருந்தால் 111, மயக்க நிலை என்றால் 999. மூன்று கிழமைக்கு மேலாக மலம் போகும் வழக்கம் மாறியிருந்தால் அதுவும் வயதின் தலையில் போடக்கூடாத விடயம். குடற்புற்றுநோய் இல்லை என்று பார்க்கவேண்டும். 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் மலப் பரிசோதனைப் பொதியை எறிந்துவிடாதீர்கள்.

தொலைபேசியைப் பேரனிடம் கொடுக்கவேண்டாம். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், அது இலவசம். பேசும்போது வயது, எத்தனை நாள், நாளுக்கு எத்தனை தடவை, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, என்னென்ன குளிசை என்று ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த அம்மாவின் மகள் இப்போது அப்படியொரு துண்டை பிறிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். அதில் முதல் வரி, தமிழில் பெரிய எழுத்தில்: வயிற்றோட்டம்.